திரைக்குப் பின்னால் ஓர் உரல்

நபீஸா தன் வாழ்நாளில் ஒரு படமும் பார்த்ததில்லை. ஏறக்குறைய எழுநூறு படங்களைக் கேட்டிருக்கிறாள். ஒன்றையும் விரும்பிக் கேட்கவில்லை.

அவளுடைய வீடு தியேட்டருக்கு முந்தியது. திருகோணமலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், உட்துறைமுகத்தை நோக்கி இறங்குகிற ஒழுங்கையில் இருந்தது. தாய் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. 1951இல் பின்பக்கத்து வெறும் வளவில் தியேட்டர் எழும்பியது. கட்டியவர்கள் வாசலைப் பெருந்தெருப் பக்கம் வைத்தார்கள். திரையை நபீஸா சமைக்கும் குசினிப் பக்கம் வைத்தார்கள். தியேட்டரின் பின்சுவருக்கும் குசினிச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடந்துபோகும் அளவு சந்து. திரைக்குப் பின்னால் ஆள் உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்ப் பெட்டிகள். அவற்றுக்கு மேலே, சுவரின் உச்சியில், வரிசையாகக் காற்றுத் துவாரங்கள்.

முதல் மாதத்தில் அவள் மூன்று தடவை வாசல் கதவைத் திறந்தாள். மூன்று தடவையும் கதவைத் தட்டியவன் படத்தில் இருந்தான்.

கணவன் பக்கீர் கடற்படைத் தளத்தில் வேலை செய்தான். 1957இல் வெள்ளைக்காரன் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போனபோது வேலை போனது. அடுத்த வருடம் காய்ச்சலில் பக்கீரும் போனான். நபீஸா உரலை எடுத்தாள். செத்தல் மிளகாய், மல்லி, மாசிக் கருவாடு. நகரத்துக் கடைகளுக்கும், இழுவைப் படகில் துறை தாண்டிக் கிண்ணியாவுக்கும் அவளுடைய தூள் போனது. தோள்கள் ஆண்களுடைய தோள்களைப் போல் ஆயின. குரலும் அப்படியே. ஒழுங்கையில் யாரும் அவளோடு வீணாகக் கதைத்ததில்லை.

ஒரே மகள் பரீனா. 1968இல் அவளுக்குப் பத்தொன்பது வயது. அந்தப் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பான். ஆகவே பெண்பார்க்க வருகிறவர்கள் பெண்ணைக் கொஞ்சநேரம் பார்ப்பார்கள், வீட்டை நெடுநேரம் பார்ப்பார்கள்.

கிண்ணியாவிலிருந்து ஜெஸீமா வந்தாள். மாப்பிள்ளையின் தாய். கூடத் தங்கை ஒருத்தி. வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து நேரம் போகாமல் வரச்சொல்லியிருந்தாள் நபீஸா. வெள்ளிக்கிழமைகளில் மட்டினிக் காட்சி பிந்தித்தான் தொடங்கும். ஜெஸீமா சுவரைத் தட்டிப் பார்த்தாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். அறைக்குள் அலுமாரி எங்கே நிற்கும் என்று சாணால் அளந்தாள். முகத்தில் திருப்தி தெரிந்தது. பரீனா வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தாள்.

அன்று மட்டினி முந்தித் தொடங்கிவிட்டது.

"அடி பாவி, யாரடி அவன்?" என்றது சுவர்.

ஜெஸீமாவின் கை பீங்கானுக்கு மேல் நின்றது. "ஆரது?"

"படம்," என்றாள் நபீஸா.

"எங்க?"

"அங்கால."

"அங்காலயா? என்ட காதுக்குள்ள நிண்டு கேக்கிறான்."

ஓர் அறை விழுந்தது. ஒரு பெண் அழுதாள். பிறகு இடி இடித்து மழை கொட்டத் தொடங்கியது. ஜெஸீமாவின் தங்கை, "ராத்தா, குடை வெளியில," என்று முற்றத்துக்கு ஓடினாள். முற்றத்தில் வெயில் எரிந்தது. குடையோடு திரும்பி வந்தவள் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

ஜெஸீமா கை கழுவினாள்.

"பொண்ணு நல்லம். வீடும் நல்லம். குறை செல்ல ஏலாது. ஆனா என்ட மகன் ஸுஹைருக்கு ஹார்பர்ல ராவேலை. பகல்லதான் படுக்கிறவன். மூணு மணிக்கு ஒருத்தன் தலமாட்டில நிண்டு யாரடி அவன் எண்டு கேட்டா, இவன் எழும்பி ஆர வெட்டுவான்?"

"சுவர் வைப்பன்," என்றாள் நபீஸா.

"வையுங்க. நோன்புக்கு முதல் வையுங்க. மூதூரிலயும் ஒரு இடம் பேசி வந்திரிக்கி."

நோன்புக்கு மூன்று மாதம் இருந்தது.

அடுத்த நாள் காலை நபீஸா தியேட்டர் அலுவலகத்துக்குப் போனாள். மனேச்சர் ஞானசேகரம் வசதியானவர்கள் வாழும் ஓர்ஸ் ஹில்லில் குடியிருந்தவர். சட்டையில் ஒரு மடிப்பு இருக்காது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு கைக்குட்டை, நான்காக மடித்தது. எதிரே காலியாக இருந்த கதிரையில் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"சந்துக்குள்ள ஒரு சுவர் வைக்கணும். துவாரத்துக்கு மேலால வரணும்," என்றாள்.

"வையுங்கோவன்."

"சந்து உங்கட. சத்தமும் உங்கட."

"ஊர்ச்சனம் ரிக்கெற் எடுத்துக் கேக்கிற சத்தம். உங்களுக்குச் சும்மா கிடைக்குது. பதினேழு வருசமாக் கேட்டுப்போட்டு இப்ப முறைப்பாடு."

"உங்கட கக்கூசுத் தண்ணிய என்ட குசினிக்குள்ள விட்டுப்போட்டு, தண்ணி சும்மா எண்டு செல்லுவீங்களா?"

ஞானசேகரம் சிரித்தார். சிரிப்பதற்கு அவர் பல்லைக் காட்டுவதில்லை. "முதலாளி எத்தினை தரம் ஆள் விட்டவர்? வீட்டைத் தாங்கோ. எங்களுக்குச் சைக்கிள் விட இடமில்லை. சாம்பல்தீவுப் பக்கம் இதைப்போல இரண்டு வளவு வாங்கலாம். அங்கை குருவிகூடக் கத்தாது."

"இது பொண்ணுக்குக் குடுக்கிற வீடு."

"அப்ப மாப்பிள்ளைக்குச் சீதனத்தோட பஞ்சும் குடுங்கோ. காதுக்கு."

அன்று மாலைக் காட்சியில் குசினி அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டின. நபீஸா ஒரு கோப்பையை எடுத்து மற்றதைத் தள்ளி வைத்தாள். முதலாளிக்கு வீடு வேண்டும். அதற்கு ஞானசேகரம் கையை உயர்த்தவும் தேவையில்லை, சத்தத்தைக் கூட்டும் ஒரு குமிழைத் திருப்பினால் போதும். இது அவளுக்கு விளங்கியது. தன்னிடம் திருப்புவதற்கு என்ன இருக்கிறது என்பதுதான் விளங்கவில்லை.

அதை ஞானசேகரமே சொல்லிக் கொடுத்தார்.

நபீஸா எப்போதும் காலையில்தான் இடிப்பாள். அந்தக் கிழமை கிண்ணியாவில் ஒரு பெரிய கந்தூரி விருந்து. செத்தல் இரண்டு சாக்கு வந்திருந்தது. பின்னேரமும் இடித்தாள். மூன்றரை மணிக்குத் தலைவாசலில் ஞானசேகரம் நின்றார். கைக்குட்டை மூக்கில் இருந்தது. பதினேழு வருடத்தில் அவர் அந்த ஒழுங்கைக்குள் வந்தது முதல் தடவை.

"மனிசர் படம் பாக்க வேண்டாமோ? கலரி முழுக்கத் தும்முது. கதாநாயகியின்ர தகப்பன் சாகக் கிடக்கிறான், மகள் பக்கத்தில இருந்து தும்முற மாதிரிக் கிடக்கு."

"நான் என்ட குசினியில இடிக்கிறன்."

"தூள் ஒருபக்கம். உலக்கைச் சத்தம் மற்றப்பக்கம். டொங், டொங், டொங் எண்டு. அவன் கடைசி வார்த்தை சொல்லுறான், நீங்கள் தாளம் போடுறியள்."

நபீஸா உலக்கையை நிறுத்தினாள். "உள்ளுக்குக் கேக்கிதா?"

"கேக்காமல்? துவாரம் உங்களுக்கு மட்டுமோ திறந்திருக்கு?"

சொல்லிவிட்டு ஞானசேகரம் அவள் முகத்தைப் பார்த்தார். சொல்லியிருக்கக் கூடாது என்பது அவருக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. கைக்குட்டையை மடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

பதினேழு வருடமாக அந்தச் சுவர் ஒரு பக்கத்துக்குத்தான் என்று நினைத்திருந்தாள் அவள்.

படம் எப்படிக் கட்டப்படுகிறது என்பது நபீஸாவுக்குத் தெரியும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாத விதத்தில் தெரியும். திரைக்குப் பின்னால் இருப்பவளுக்கு எல்லாச் சத்தமும் ஒரே அளவு. கதாநாயகனும் அவன் செருப்பும் தெருநாயும் ஒன்றுதான். ஆனால் சண்டைக்கு முன் வாத்தியம் எங்கே தாழும், கெட்ட செய்தி வருமுன் எப்போது எல்லாம் ஓயும், ஓய்ந்த பிறகு முதலில் வருவது கதவா காலடியா என்பதை அவள் எண்ணிவைத்திருந்தாள். சத்தம் பெருத்த இடங்களில் படம் பலமாக இருக்கும். அங்கே உலக்கை எடுபடாது. ஓயும் இடத்தில்தான் படத்துக்கு உயிர்நிலை. அங்கே அடிக்க வேண்டும்.

ஆகவே புதுப்படம் வந்தால் முதல் இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாள் தொடங்கினாள். ஒரு படத்தில் தாயும் மகனும் இருபது வருடத்துக்குப் பிறகு சந்தித்துப் பேச்சில்லாமல் நின்றார்கள். உலக்கை விழுந்தது. முன்பக்க மலிவுக் கலரியில் ஒருவன், "கட்டிப் பிடியடா, கிழவி நெஞ்சு அடிக்குது," என்று கத்தினான். சிரிப்பு சுவரைத் தாண்டி வந்தது. அந்தப் படம் ஐந்து நாளில் பெட்டிக்குள் போனது. இன்னொரு படத்தில் கொலைகாரன் பூனைபோல் நடக்கிற இடம். அதற்குப் பொருத்தமாக அவள் மாசி எடுத்தாள். மாசி கல்லைப்போல் முட்டும். அதுவும் போனது.

ஞானசேகரம் பொலிசுக்கு எழுதினார். ஒரு கான்ஸ்டபிள் வந்தார். விதவை ஒருத்தி தன் வீட்டுக் குசினியில் பட்டப்பகலில் மிளகாய் இடிப்பதைக் கண்டார். மூன்று தரம் தும்மினார். போய்விட்டார்.

குமிழ் இன்னும் திரும்பியது. பரீனா சோற்றுப் பானையைச் சுமந்துகொண்டு முற்றத்துக்குப் போய்ச் சமைத்தாள். தாயும் மகளும் சைகையில் பேசினார்கள். நோன்புக்கு ஒரு மாதமும் சில நாட்களும் இருந்தன. சுவர் எழும்பவில்லை.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. கறுப்பு வெள்ளைப் படம். பாட்டு இரண்டுதான். சண்டை இல்லை. ஞானசேகரம் அதை வேறு படம் கிடைக்காததால் எடுத்திருந்தார். கணவன் பிழைக்கப் போகிறான். மனைவி பட்டினியோடு காத்திருக்கிறாள். பின்பாதியில் ஒரு கதவு சாத்தப்படும். அதன் பிறகு ஒன்றுமே இல்லை. வாத்தியமும் இல்லை, பேச்சும் இல்லை. நபீஸா எண்ணிப் பார்த்தாள். நூற்றிருபது வரை எண்ணலாம். இவ்வளவு பெரிய ஓய்வு அவள் காதுக்கு இதுவரை கிடைத்ததில்லை. மூன்றாம் நாள், கதவு சாத்தியதும், தொடங்கினாள்.

அவசரப்படாமல் இடித்தாள். எண்பது ஆனபோது நிறுத்தினாள். உள்ளே எவ்வளவு கெட்டிருக்கிறது என்று கேட்க நிறுத்தினாள்.

விசில் இல்லை. சிரிப்பு இல்லை. ஓர் இருமல்கூட இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு விம்மல் வந்தது. மெசின் நின்றுவிட்டதாக்கும் என்று நினைத்தாள். பிறகு படத்தில் கோழி கூவியது, மெசின் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த நாளும் அதே இடத்தில் இடித்தாள், அதே இடத்தில் நிறுத்திக் கேட்டாள். அதே அமைதி. அதற்கடுத்த நாள் சைக்கிள் மணிகள் கூடின. கடலை விற்கும் கச்சான்காரி இரண்டு தரம் கூடையை நிரப்பிக்கொண்டு வந்தாள். இழுவைப் படகில் கிண்ணியாப் பெண்கள் கூட்டமாக மட்டினிக்கு வந்தார்கள். நபீஸா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக இடித்தாள். கூட்டம் இன்னும் கூடியது.

தோப்பூரிலிருந்து தூள் வாங்க வருகிற ஸுல்பிகா வந்தாள். படம் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நீங்க பாக்கணும் நபீஸா ராத்தா. அந்தப் பொஞ்சாதி தனிய இரிக்கா. விளக்கும் அவவும்தான். பக்கத்து வீட்டில ஒருத்தி மா இடிக்கிறா. அவளக் காட்டமாட்டாங்க. சத்தம் மட்டும்தான். இவ எழும்பிப் போய்க் கதவத் தட்டலாம். பசி எண்டு செல்லலாம். போகமாட்டா. ரோசம். எனக்கு எழும்பிக் கத்தணும்போல இரிந்திச்சி, போடி, போய்க் கேளடி எண்டு. பொறகு அங்கால இடிக்கிறவ நிப்பாட்டுவா. அப்ப இவ தலைய நிமித்துவா பாருங்க."

"ஏன் நிமித்துறா?"

"அங்கால உள்ளவ கேட்டுக்கொண்டு இரிக்கா எண்டு இவவுக்கு வெளங்கிட்டு. பக்கத்து வீட்டுக்காரிக்கு எல்லாம் தெரியும். ஆனா வரமாட்டா. அவளும் ரோசக்காரி."

நபீஸா தூளை நிறுத்துக் கட்டினாள். "அது மா இல்ல. செத்தல்," என்றாள்.

"உங்களுக்கென்ன தெரியும், நீங்க பாக்கல்லயே," என்று ஸுல்பிகா பொதியை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த காலை ஒப்பரேட்டர் இரத்தினசிங்கம் வந்தார். மெசின் அறையில் இருந்து இருந்து முதுகு வளைந்த மனிதர். வந்ததும் குசினிச் சுவரில் காதை வைத்தார். பிறகு உரலைப் பார்த்தார்.

"மூண்டு வால்வு மாத்தினனான், உங்களால," என்றார். "முதல் நாள் மெசினில பிழை எண்டு நினைச்சன். மட்டக்களப்பில இந்தப் படத்தை நான் ஓட்டினனான். அங்கை அந்த இடத்தில சனம் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போகும். நாலு நாள்ப் படம். இஞ்சை ரிக்கெற் இல்லை எண்டு பலகை போடுறம்."

"அவ தலைய நிமித்துறாவாமே. மட்டக்களப்பில எதுக்கு நிமித்தினவ?"

"ஒண்டுக்குமில்லை. களைச்சு நிமித்துறா. பின்னால ஒரு சுவர். அவ்வளவுதான்."

"அந்தச் சுவருக்கு அங்கால?"

"அங்கால என்ன, அவங்கட லைற்றும் வயரும் கிடந்திருக்கும். இப்ப ஒரு வீடு கிடக்கு." இரத்தினசிங்கம் பீடியைப் பற்றவைத்தார். "ஆயிரம் குதிரை காட்ட எவனிட்டையும் வசதியில்லை. ஒரு குதிரையைக் காட்டிப்போட்டு மிச்சத்தை வெளியில ஓடவிடுவாங்கள். சத்தமாத்தான். சனம் தானே மிச்சத்தை எண்ணிக்கொள்ளும். உங்களையும் அப்பிடித்தான் எண்ணிப்போட்டுதுகள்."

"நான் அவங்கட படத்தக் கெடுக்க இடிச்சன்."

"தெரியும். மனேச்சருக்கும் தெரியும். மட்டினிக்கு முதல் வருவார்."

ஞானசேகரம் வந்தார். இம்முறை கைக்குட்டை பையிலேயே இருந்தது. நபீஸா கதிரையை எடுத்து அறைக்குள் வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"படம் இன்னும் இரண்டு கிழமை ஓடும்," என்றார் ஞானசேகரம். "அந்த இடத்தில நீங்கள் வழமைபோல இடிச்சால் நல்லது. சத்தத்தை நான் குறைச்சுப் பிடிப்பன். மகளையும் கூட்டிக்கொண்டு வந்து பல்கனியில இருந்து பாருங்கோ, ரிக்கெற் வேண்டாம்."

"நான் பல்கனியில இரிந்தா ஆர் இடிக்கிற?"

அவர் அதை யோசிக்கவில்லை.

"சுவர்," என்றாள் அவள்.

"கட்டுவம். படம் முடியட்டும். இப்ப கட்டினால் உங்கட சத்தம் உள்ளுக்கு வராது."

"படம் முடிஞ்சா நீங்க கட்டமாட்டீங்க."

"நான் சொல்லுறன்தானே."

"நீங்க செல்லுறது எனக்குப் பதினேழு வருசமாக் கேக்கிது."

ஞானசேகரத்தின் முகம் சிவந்தது. "இடிக்கிறதெண்டால் இடியும். விடுறதெண்டால் விடும். ஒரு உலக்கையை நம்பி நான் தியேட்டர் நடத்தேல்லை."

அன்று சனிக்கிழமை. மட்டினி நிறைந்திருந்தது. நபீஸா உரலைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து உலக்கையை மடியில் வைத்துக்கொண்டாள். பரீனா கதவோடு நின்றாள். படத்தில் கதவு சாத்தப்பட்டது.

ஒன்றுமில்லை. இருபது. முப்பது. ஒரு கதிரை கிறீச்சிட்டது. நாற்பதில் ஒரு விசில், கலரி வலப்பக்கம். ஐம்பதில் ஒரு குரல், "சத்தத்தைப் போடடா." வேறொன்று, "இடிக்கிற துண்டை வெட்டிட்டாங்கள்." அது போதும். அந்த ஊர்ச் சனத்துக்கு ஒரு விஷயம் நிச்சயம்: தியேட்டர்காரன் படத்தை வெட்டுவான். கடைசிப் பஸ்சுக்கு ஆள் போகவேண்டும் என்று பாட்டை வெட்டுவான், மாலைக் காட்சிக்கு நேரமாயிற்று என்று அழுகையை வெட்டுவான். இரண்டாம் தடவை பார்க்க வந்தவர்களே பாதிப்பேர். அவர்கள் முதல் தடவை கேட்டதை இன்று கேட்கவில்லை. "வெட்டிட்டாங்கள்" என்ற சொல் கலரியிலிருந்து நடுவகுப்புக்கு, அங்கிருந்து பெண்கள் பக்கத்துக்குப் போனதை நபீஸா கேட்டாள்.

பலகைக் கதிரை உடைந்தால் முதலில் ஒரு வெடிப்பு வரும், பிறகு ஆணி இழுபடும். இரண்டும் வந்தன. சோடாப் போத்தல் ஒன்று திரைக்குக் கிட்ட விழுந்தது. படத்தில் கோழி கூவியது, யாரும் கேட்கவில்லை. பிறகு ஞானசேகரத்தின் குரல் மிகக் கிட்டே வந்தது. திரைக்கு முன்னால் ஏறி நிற்கிறார். "வெட்டேல்லை. ஒரு அடியும் வெட்டேல்லை," என்றார். "அப்ப அவ எங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். "எவ?" என்றார் அவர். "பக்கத்து வீட்டுக்காரி."

இன்னொரு போத்தல் வந்தது. இது சுவரில் பட்டது.

பரீனாவுக்குச் சிரிப்பு வந்தது. நபீஸா சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை இரத்தினசிங்கம் தனியாக வந்து, "என்ன கேக்கிறியள் எண்டு கேட்கச் சொன்னவர்," என்றார்.

"கல் எத்தின வரிசை வரும்?"

"துவாரத்துக்கு மேல வாறதெண்டால் இருபத்திநாலு."

"ஒரு நாளைக்கு ரெண்டு காட்சி. ரெண்டு வரிசை. காலையில கல் ஏறினா பின்னேரம் உலக்கை ஏறும். கல் இல்லாட்டி உலக்கையும் இல்ல."

மேசன்மார் அன்றே வந்தார்கள். தினமும் காலையில் நபீஸா சந்துக்குள் போய் வரிசையை எண்ணினாள். சாந்து காய்ந்ததா என்று விரலால் குத்திப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஒரு வரிசைதான் இருந்தது. "மற்றது பின்னேரம் வைப்பம் அக்கா," என்றான் மேசன். "அப்ப மட்டினிக்கு இடிப்பன், ஆறரைக்கு இடிக்கமாட்டன் எண்டு மனேச்சருக்குச் செல்லு," என்றாள். பதினொரு மணிக்கு மற்ற வரிசை இருந்தது.

கல் கொண்டுவருவதற்காகத் தியேட்டரின் பின்கதவு திறந்து கிடந்தது. ஒரு காலை அவள் எட்டிப் பார்த்தாள். ஸ்பீக்கர்ப் பெட்டிகளுக்கு அப்பால் ஒரு பெரிய வெள்ளைச் சீலை, ஊசிமுனை போல் எண்ணற்ற துளைகள். சத்தம் போவதற்காக விட்ட துளைகள் என்று மேசன் சொன்னான். நபீஸா ஒன்றில் கண்ணை வைத்தாள். காலியான கதிரைகள் வரிசையாக அவளைப் பார்த்துக்கொண்டு இருந்தன. உடைந்தவற்றைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

சுவர் ஏற ஏறத் தியேட்டரின் சத்தம் குசினியில் தாழ்ந்தது. உலக்கையின் சத்தம் உள்ளேயும் தாழ்ந்தது. எட்டாம் வரிசையில் அது பக்கத்து வீடாக இருந்தது. பதினான்கில் இரண்டு வளவு தள்ளிப் போனது. பதினெட்டில் தெருமுனைக்குப் போய்விட்டது. ஸுல்பிகா மறுபடி பார்த்துவிட்டு வந்து, "அவ வீடு மாறிட்டா," என்றாள். "முந்திக் கிட்ட இரிந்தவ. இப்ப தூரத்தில இரிந்து இடிக்கிறா. இது இன்னும் மோசம் ராத்தா. இனி இவ நெனச்சாலும் போய்க் கேக்க ஏலாது." கலரியில் விசில் அடிப்பவர்களை மற்றவர்களே அடக்கினார்கள் என்றும் சொன்னாள். அந்த இடம் வரும்போது கச்சான் உரிப்பதையும் நிறுத்தினார்களாம். இருபத்திரண்டாம் வரிசைக்குப் பிறகு, கேட்டதா இல்லையா என்று வெளியே வந்து சண்டை பிடித்தார்களாம்.

நபீஸா ஒவ்வொரு காட்சிக்கும் இடித்தாள். எண்பதில் நிறுத்தினாள். ஒரு நாளும் முந்தவில்லை, பிந்தவில்லை. அது ஒப்பந்தம். படத்துப் பெண்மேல் அவளுக்கு இரக்கம் வரவில்லை. பசித்தால் போய்க் கேட்கவேண்டும். கேளாமல் இருந்துவிட்டு ஊரை அழவைப்பது என்ன பழக்கம் என்று பரீனாவிடம் சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் இருபத்திநாலாவது வரிசை ஏறியது. துவாரங்கள் மறைந்தன. கடைசிக் காட்சியில் அவள் இடித்தது யாருக்கும் கேட்டிருக்காது. ஆனாலும் இடித்தாள். அடுத்த நாள் படம் மாறியது. ஞானசேகரம் அதற்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் கண்டால் கைக்குட்டையை எடுத்தார்.

நோன்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஜெஸீமா வந்தாள். மட்டினி நேரம் பார்த்தே வந்தாள். குசினிச் சுவரில் முதுகை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தேத்தண்ணி ஆறும்வரை இருந்தாள். கடலில் ஒரு படகின் மோட்டார் கேட்டது. காகம் கேட்டது.

"படம் ஓடிதா?" என்று கேட்டாள்.

"ஓடிது."

"ஒண்டும் கேக்கல்ல."

"கேக்காது," என்றாள் நபீஸா.

பெருநாளுக்குப் பிறகு கலியாணம். அதற்கு முந்திய கிழமை வீட்டு உறுதிப் பத்திரம் பரீனாவின் பெயரில் எழுதப்பட்டது. அதுதான் முறை. நபீஸாவின் தாயும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தாள். நபீஸா தன் பாயையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் இறக்கிய சாய்ப்புக்குப் போனாள். உரலையும் உருட்டிக்கொண்டு போனாள். குசினி இனி மகளுடையது.

ஸுஹைர் நல்ல பிள்ளை. அதிகம் கதைக்கமாட்டான். துறைமுகத்தில் இரவு முழுக்கத் தேயிலைப் பெட்டி ஏற்றிவிட்டுக் காலையில் வருவான். தின்பான், படுப்பான். மாமியைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவான்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, காலை பத்து மணி. நபீஸா செத்தலைப் போட்டு இடித்துக்கொண்டிருந்தாள். பாதி இடிபட்டிருக்கும். அறையின் யன்னல் சாத்தியிருந்தது. அதற்குள்ளிருந்து பரீனாவின் குரல் வந்தது.

"உம்மா. பகல்ல இடிக்காதீங்க. அவர் படுக்கிறாரு."

நபீஸா நிறுத்தினாள்.

அவளுக்குக் காது நன்றாகப் பழகியிருந்தது. குரல் யன்னலடியிலிருந்து வரவில்லை. கதவடியிலிருந்தும் வரவில்லை. தாழ்வாக, சுவர்ப் பக்கமாக, தலையணைக்குக் கிட்ட இருந்து வந்தது. கோபம் இல்லை. யாரும் சொல்லச் சொல்லிச் சொன்ன குரலும் இல்லை. மகள் எழுந்து வரவில்லை, படுத்தபடியே சொன்னாள். சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தது கட்டிலின் சத்தத்தில் தெரிந்தது.

உரலில் பாதி இடிபட்ட செத்தல் கிடந்தது. நபீஸா உலக்கையை எடுத்து அதை இடித்து முடித்தாள்.